மீண்டும் ஒலித்த மணி

பத்தாம் வகுப்பு ‘ஆ’ பிரிவு மாணவி

சென்ற ஆண்டு எங்கள் வகுப்புத் தோழி ஒருத்தியின் தாயார் கடும் நோயுற்றிருந்தார். நாங்கள் எல்லோரும் பள்ளிச் சிற்றாலயத்தில் கூடி நவநாள் செபம் செய்தோம். மதிய இடைவேளையில் பாதியை ஒதுக்கி, முழந்தாளிட்டுச் செபமாலை சொன்னோம். ஒன்பது நாட்கள் முடிந்தன. பத்தாம் நாள் அந்த அன்னை இறைவனடி சேர்ந்தார். சில நாட்கள் கழித்துப் பள்ளிக்குத் திரும்பிய என் தோழி என்னிடம் கேட்டது இதுதான்: “நாம் சரியாக வேண்டிக்கொள்ளவில்லையா? இழந்ததைத் திருப்பித் தராத கடவுளிடம் இனி எதைத்தான் கேட்பது?”

அன்று எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. அவள் கையைப் பற்றிக்கொண்டு அழுதேன். ஆனால் அந்தக் கேள்வி என்னை விட்டு அகலவில்லை.

விசுவாசம் என்பது வேண்டியதைப் பெறுவதற்கு நாம் செலுத்தும் விலை என்று நம்மில் சிலர் எண்ணுகிறோம். விலை கொடுத்தும் பொருள் கிடைக்காவிட்டால் மனம் கசக்கிறோம். வேறு சிலரோ, நம்பிக்கை என்பது துன்பப்படுவோர் தம்மைத் தாமே தேற்றிக்கொள்ளும் ஓர் உபாயமே என்று நகைக்கிறார்கள். இரு சாராரும் தவறுகிறார்கள் என்பது என் தாழ்மையான கருத்து. இதைச் சொல்ல நான் யார்? பதினைந்து வயதுச் சிறுமி. ஆகவே என் சொந்த அறிவை நம்பாமல், ஒரு நகரத்தையே சாட்சிக்கு அழைக்கிறேன். அது ஜப்பான் நாட்டின் நாகசாக்கி நகரம்.

நம் முத்துக்குளித்துறை மீனவ மக்களிடையே 1542 முதல் ஊழியம் செய்த அதே புனித சவேரியார்தான், 1549 ஆகஸ்டு 15 அன்று ஜப்பானின் ககோஷிமாவில் கால் வைத்தார். வேதம் அங்கே விரைந்து பரவியது. பகையும் உடன் வளர்ந்தது. 1597-இல் நாகசாக்கிக் குன்று ஒன்றில் 26 பேர் சிலுவையில் அறையப்பட்டு வேதசாட்சிகளாயினர். நம்மினும் இளையவனான 12 வயதுச் சிறுவன் ஒருவனும் அவர்களுள் இருந்தான். 1614-இல் கிறிஸ்தவ வேதம் நாடெங்கும் தடை செய்யப்பட்டது. ஆண்டவருடைய திருவுருவத்தையோ தேவமாதாவின் திருவுருவத்தையோ தரையில் வைத்து, அதைக் காலால் மிதிக்கும்படி மக்களை அதிகாரிகள் கட்டாயப்படுத்தினார்கள். மறுத்தவர்களுக்குக் காத்திருந்தது சித்திரவதை. பதினேழாம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குள் அந்த மந்தைக்கு மேய்ப்பரே இல்லாமற் போயினர்.

தோழிகளே, சற்றுச் சிந்தியுங்கள்! கோவில் இல்லை, திருப்பலி இல்லை, நற்கருணை இல்லை, பாவசங்கீர்த்தனம் கேட்கக் குருவானவரும் இல்லை. இந்த நிலை ஒரு வருடமா, பத்து வருடமா? இரு நூறு ஆண்டுகளுக்கும் மேல் நீடித்தது! அந்த ஏழை உழவரும் மீனவரும் என்ன செய்தார்கள்?

அவர்கள் வேலைகளைப் பங்கிட்டுக் கொண்டார்கள். நாகசாக்கிக்கு அருகே உரக்காமி என்னும் ஊரில், திருநாட்களின் கணக்கை வைத்திருக்க ஒருவர், குழந்தைகளுக்கு ஞானஸ்நானம் கொடுக்க ஒருவர், செய்தியை வீடு வீடாகக் கொண்டு செல்ல ஒருவர் என்று ஏற்பாடு செய்து கொண்டார்கள். பாவசங்கீர்த்தனம் செய்ய வழியில்லாததால் உத்தம மனஸ்தாபச் செபத்தைப் பிள்ளைகளுக்கு மனப்பாடமாகக் கற்பித்தார்கள். புத்த மதக் கருணைத் தேவதையின் பீங்கான் உருவத்தை வீட்டில் வைத்து, உள்ளத்தில் தேவமாதாவை வணங்கினார்கள். திருவுருவத்தை மிதிக்க நேர்ந்தவர்களும் வீடு திரும்பி அழுது மன்னிப்பு மன்றாடினார்கள். ஏழு தலைமுறைகளுக்குப் பின் குருக்கள் கப்பலேறி வருவார்கள் என்ற முன்னுரை ஒன்று அவர்களிடையே வழங்கி வந்தது. ஐந்தாம் தலைமுறையில் பிறந்தவள் ஒருத்தியை எண்ணிப் பாருங்கள். தான் அதைக் காணப்போவதில்லை என்று அவளுக்குத் தெரியும். ஆயினும் தன் மகளுக்குச் செபம் கற்றுக் கொடுத்தாள்!

1865 மார்ச் 17. நாகசாக்கியில் பிரெஞ்சுக் குருக்கள் புதிதாகக் கட்டியிருந்த ஆலயத்திற்கு உரக்காமியிலிருந்து ஏறக்குறைய பதினைந்து பேர் வந்தனர். செபித்துக் கொண்டிருந்த பெத்திஜான் அடிகளாரின் அருகே ஒரு பெண்மணி வந்து, தங்கள் உள்ளமும் அவருடைய உள்ளமும் ஒன்றே என்று மெல்லிய குரலில் சொன்னார். பிறகு, தேவமாதாவின் சுரூபம் எங்கே என்று கேட்டார். அடிகளார் அவர்களை மாதா பீடத்திற்கு அழைத்துச் சென்றார். ஏழு தலைமுறைக் காத்திருப்பு அந்தப் பீடத்தின் முன் நிறைவேறியது.

கதை இத்துடன் முடிந்திருந்தால், ‘பொறுத்தார் பூமி ஆள்வார்’ என்று எழுதி நானும் முடித்திருப்பேன். அது முடியவில்லை. தடை நீங்காத காலத்தில் தம்மை வெளிப்படுத்திக் கொண்டதால் உரக்காமி மக்களுள் ஏறக்குறைய 3,400 பேர் நாட்டின் பல பகுதிகளுக்குக் கடத்தப்பட்டனர். அறுநூறு பேருக்கு மேல் அங்கே மடிந்தனர். தப்பியவர்கள் 1873-இல் தடை நீங்கியதும் ஊர் திரும்பினர். அந்தக் கொடிய நாடுகடத்தலை அவர்கள் ‘பயணம்’ என்றே அழைத்தார்களாம். திரும்பியவர்கள் என்ன செய்தார்கள்? தம் முன்னோர் திருவுருவத்தை மிதிக்க வேண்டியிருந்த ஊர்த்தலைவரின் வீட்டு நிலத்தையே வாங்கி, அதன்மேல் பேராலயம் எழுப்பினார்கள். 1895-இல் தொடங்கிய வேலை 1914-இல்தான் முடிந்தது.

1945 ஆகஸ்டு 9. காலை 11 மணி 2 நிமிடம். அணுகுண்டு அந்தப் பேராலயத்திலிருந்து ஏறக்குறைய ஐந்நூறு மீட்டர் தூரத்திற்குள் வெடித்தது. விண்ணேற்புத் திருநாளுக்கு ஆயத்தமாகப் பாவசங்கீர்த்தனம் செய்ய வந்திருந்தவர்களும் குருக்களும் ஆலயத்துக்குள்ளேயே மாண்டனர். உரக்காமியின் 12,000 கத்தோலிக்கருள் ஏறக்குறைய 8,500 பேர் மறைந்தனர். இரு நூற்றாண்டுகளின் வேதகலாபனை அழிக்க முடியாத திருச்சபையை ஒரே நொடி ஏறக்குறைய அழித்துவிட்டது.

மருத்துவக் கல்லூரியில் எக்ஸ்ரே துறையில் பணியாற்றிய டாக்டர் தக்காஷி நாகாய், தம் இல்லத்தின் சாம்பலில் மனைவி மிதோரியின் எலும்புகளையும், அவற்றின் அருகே உருகிக் கிடந்த செபமாலையையும் கண்டெடுத்தார். அந்த ஆண்டு நவம்பரில் இடிபாடுகளிடையே நடந்த இரங்கல் திருப்பலியில், இறந்தவர்கள் போரை நிறுத்த இறைவன் ஏற்றுக்கொண்ட மாசற்ற பலி என்று அவர் பேசினார்.

இங்கே நான் அந்தப் பெரியவரோடு பணிவுடன் கருத்து வேறுபடுகிறேன். குண்டைச் செய்தவன் மனிதன். அதை வீசியவனும் மனிதன். அதைக் கடவுளின் திருவுளம் என்று சொல்ல என் நெஞ்சு ஒப்பவில்லை. 1981-இல் ஜப்பான் சென்ற திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பரும், போர் மனிதனின் செயலே என்று ஹிரோஷிமாவில் எடுத்துரைத்தார். ஆனால் ஒன்று உண்டு. எல்லாவற்றையும் இழந்தவர், எல்லாவற்றையும் இழந்தவர்களுக்குச் சொன்ன ஆறுதல் அது. அவர் சொல்லலாம். துன்பத்திற்கு வெளியே நிற்கும் நாம், துன்பப்படுவோரிடம், “இது கடவுள் சித்தம், பொறுத்துக்கொள்” என்று எளிதாகச் சொல்லக் கூடாது. என் தோழியிடம் அப்படிச் சொன்னவர்கள் பலர். அது அவளுக்குத் தைலமாக அல்ல, முள்ளாகவே இருந்தது.

டாக்டர் நாகாயின் சொல்லைவிட அவர் செய்கையே என்னைக் கவர்கிறது. இரத்தப் புற்றுநோயால் படுத்த படுக்கையாகி, ஒரு சிறு குடிசையில் இரண்டு குழந்தைகளோடு வாழ்ந்து, 1951-இல் இறக்கும்வரை சமாதானத்திற்காக எழுதிக்கொண்டே இருந்தார். 1945 டிசம்பரில், எஞ்சியிருந்த மக்கள் இடிபாட்டைத் தோண்டி, உடையாமல் கிடந்த ஒரு மணியை எடுத்தார்கள். மூன்று மரக்கட்டைகளை நட்டு அதைத் தொங்கவிட்டு, கிறிஸ்து பிறப்பின் முந்தின இரவு ஒலிக்கச் செய்தார்கள். கூரை இல்லை, சுவர் இல்லை. மணி மட்டும் ஒலித்தது!

1959-இல் பேராலயம் மீண்டும் எழும்பியது. ஆனால் நொறுங்கிப் போன இரண்டாவது மணியின் கோபுரம் வெறுமையாகவே இருந்தது. அமெரிக்கக் கத்தோலிக்கர்கள் காணிக்கை சேர்த்து ஒரு மணியை வார்த்து அளித்தார்கள். 2025 ஆகஸ்டு 9 அன்று, அதே 11 மணி 2 நிமிடத்தில், எண்பது ஆண்டுகளுக்குப் பின் இரு மணிகளும் சேர்ந்து ஒலித்தன. குண்டு வீசிய நாட்டின் கைகளே அந்தக் குறையை நிரப்பின. இதைவிடப் பெரிய சீரமைப்பு எது?

எனினும் இறந்த 8,500 பேர் திரும்பவில்லை. மிதோரி அம்மையார் திரும்பவில்லை. பழைய மணியும் திரும்பவில்லை. வந்தது புதிய மணி. ஆகவே நம் நம்பிக்கை என்பது, இழந்தது அப்படியே இவ்வுலகில் திரும்பும் என்ற கணக்கு அன்று. உயிர்த்த ஆண்டவரிடம் அப்போஸ்தலர்கள், இஸ்ராயேலின் அரசை இப்போது மீட்டுத் தருவீரோ என்றுதான் கேட்டார்கள். அவர் நாளைச் சொல்லவில்லை. சாட்சிகளாயிருக்கும்படி சொன்னார். நாள் கேட்டவர்களுக்கு அவர் வேலை கொடுத்தார்! உயிர்ப்பின் முழு மகிழ்ச்சி அவர் கையில் இருக்கிறது. அதுவரை திருநாட்களின் கணக்கை வைத்திருப்பதும், பிள்ளைக்குச் செபம் கற்பிப்பதும், சாம்பலிலிருந்து மணியைத் தோண்டுவதும் நம் கையில் இருக்கின்றன.

என் தோழி இன்று தன் தம்பிக்குத் தலைவாரி, அவனைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு, காலை மணி அடிக்குமுன் ஓடி வருகிறாள். இரவில் தன் தாயாரின் செபமாலையைக் கையில் எடுக்கிறாளாம். “சில நாள் சொல்ல வரவில்லை, பிடித்துக்கொண்டு மட்டும் இருக்கிறேன்” என்றாள். அன்பு மிக்கவளே, நாம் தவறாக வேண்டவில்லை. நீ பிடித்துக்கொண்டிருப்பதே விசுவாசம். உரக்காமியின் தாய்மார் செய்ததும் அதுதான். உனக்குச் சொல்ல வராத நாட்களில் உன் பங்கையும் சேர்த்துச் சொல்ல, சிற்றாலயத்தில் நாங்கள் இருக்கிறோம்.