வீட்டுக்காரர் கையில் ரவுட்டர்

மதுரையில் ஒரு மாடி வீட்டில் வாடகைக்கு இருந்தேன். ‘வைஃபை இலவசம்’ என்று சொல்லித்தான் வீட்டைக் கொடுத்தார்கள். ரவுட்டர் கீழே, வீட்டுக்காரர் கூடத்தில் டிவிக்குப் பக்கத்தில் இருந்தது. ஒருநாள் காலை தண்ணீர் மோட்டார் போடச் சொல்வதற்காக இறங்கியபோது அவர் கேட்டார்: “நேத்து ராத்திரி மாடிக்கு யாரும்மா வந்தது? ஏதோ பையன் பேர்ல போன் கனெக்ட் ஆயிருக்கே.”

வந்தவர் என்னோடு ஆய்வு செய்யும் தோழர். இரவல் வாங்கிய புத்தகத்தைத் திருப்பித் தந்துவிட்டு அரை மணி நேரத்தில் போய்விட்டார். அவருடைய போனுக்கு அவர் பெயரையே வைத்திருந்தார். எந்தெந்தக் கருவி இணைந்திருக்கிறது என்ற பட்டியல் ரவுட்டரில் பெயரோடு விழும். வீட்டுக்காரரின் மகன் அதற்கான செயலியை அப்பா போனில் ஏற்றிக் கொடுத்திருந்தான். புதிய கருவி வந்தால் அறிவிப்பு வரும். “நம்ம வீட்டுக்குள்ள என்னம்மா ஒளிவுமறைவு?” என்று சிரித்தார். அடுத்துக் கேட்டது: “பையன் என்ன ஆளுங்க?”

அந்தரங்கப் பாதுகாப்பு பற்றி எழுதப்படும் கட்டுரைகளை அதற்குப் பிறகு என்னால் எரிச்சல் இல்லாமல் படிக்க முடிவதில்லை. அவற்றில் எதிரி எப்போதும் வெளியே இருப்பான். கூகுள், ஹேக்கர், அரசாங்கம். வீடு மட்டும் ஒரு பத்திரமான வட்டம்; கடவுச்சொல்லை ‘குடும்பத்தாரோடு மட்டும் பகிருங்கள்’ என்பார்கள். ரவுட்டரையும் அந்த நினைப்பில்தான் செய்து விற்கிறார்கள். உள்ளே இருப்பவர்கள் எல்லாரும் ஒரே குடும்பம், ‘அட்மின்’ குடும்பத் தலைவர். சாதி காக்கப்படுகிற இடம் குடும்பம் என்றால், இந்த அறிவுரை யாருக்கு எழுதப்பட்டது?

நம் வீடுகளில் ஒரு பெண்ணின் முதல் ஸ்மார்ட்போன் எப்படி வருகிறது என்று யோசித்துப் பாருங்கள். அண்ணன் வாங்கித் தருகிறான். அவனே ஒரு ஜிமெயில் கணக்கைத் திறந்து, கடவுச்சொல்லையும் வைத்துக்கொள்கிறான். அப்புறம் அவள் எடுக்கும் படம், தேடும் சொல், போன் இருக்கும் இடம் எல்லாமே அவனுக்குக் கைக்கெட்டும். வாட்ஸ்அப்பில் ஒரு எண்ணோடு இன்னும் நான்கு கருவிகளை இணைக்கலாம். அவள் குளிக்கப் போகும் நேரம் போதும் அவனுக்கு. வேறு சாதிப் பையனோடு பேசுகிறாள் என்று கண்டுபிடிக்க எந்த வீட்டுக்கும் பெகாசஸ் தேவைப்படவில்லை.

அந்தரங்க உரிமை மேட்டுக்குடிப் பேச்சு என்று சொல்லும் தோழர்களை எனக்குத் தெரியும். ‘சோத்துக்கே வழியில்ல, இதுல டேட்டாவா?’ என்பார்கள். மறைக்க ஒன்றும் இல்லாதவர்கள் யார் என்று அவர்கள் சொல்லட்டும். 2017 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு அந்தரங்கத்தை அடிப்படை உரிமை என்றது. அதைவிட எனக்கு நெருக்கமானது 2023 ஆகஸ்டில் வந்த இளவரசன் வழக்குத் தீர்ப்பு. வழக்கறிஞர் அறையில் ரகசியமாக நடக்கும் சுயமரியாதைத் திருமணம் செல்லாது என்று 2014இல் சென்னை உயர் நீதிமன்றம் சொல்லியிருந்தது. திருமணத்தை ஊரறிய அறிவித்தால் உயிருக்கே ஆபத்து வரலாம் என்பதை ஏற்று, அந்த நிலைப்பாட்டை உச்ச நீதிமன்றம் தள்ளிவிட்டது. இரகசியம் யாருக்கு உயிர் காப்பது என்பதை ‘சோறா டேட்டாவா’ தோழர்கள் அந்தத் தீர்ப்பிலிருந்து தெரிந்துகொள்ளலாம்.

இனி கட்டற்ற மென்பொருள். வேதத்தைக் கேட்ட சூத்திரன் காதில் காய்ச்சிய ஈயத்தை ஊற்றச் சொன்ன கௌதம தர்மசூத்திரத்தையும், நிரலைப் பூட்டி வைக்கும் நிறுவனங்களையும் ஒப்பிட்டுக் கைதட்டல் வாங்கலாம். நானும் வாங்கியிருக்கிறேன். ஆனால் நிரலைத் திறந்து வைத்தவர்களின் கூட்டங்களிலும் எனக்கு ஒரு குறை உண்டு. ‘சொந்த சர்வர் வைத்துக்கொள், சொந்த ரவுட்டர் வைத்துக்கொள்’ என்பார்கள். சொந்த அறை இல்லாதவளிடம்! தமிழ்நாட்டில் எல்காட் நிறுவனத்தை லினக்ஸ் பக்கம் திருப்பியவர் உமாசங்கர் என்ற தலித் அதிகாரி. 2010இல், போலிச் சாதிச் சான்றிதழ் கொடுத்து வேலையில் சேர்ந்தார் என்று சொல்லி அரசு அவரைப் பணியிடை நீக்கம் செய்தது. எதிர்ப்பு கிளம்பிய பிறகு திரும்பப் பெற்றுக்கொண்டது. நான் போன எந்த லினக்ஸ் கூட்டத்திலும் யாரும் இதைப் பேசிக் கேட்டதில்லை.

இருந்தாலும் அவர்களின் கருவிகளை நான் விடமாட்டேன். லிங்சிஸ் நிறுவனம் தன் ரவுட்டருக்குள் லினக்ஸை வைத்து விற்றது. உரிமத்தைக் காட்டிக் கேள்வி எழுந்ததால் 2003இல் நிரலை வெளியிட வேண்டியிருந்தது. அதிலிருந்து 2004இல் பிறந்தது ஓப்பன்டபிள்யூஆர்டி. நான் பழைய ரவுட்டர் ஒன்றைச் சந்தையில் வாங்கி அதில் இதை ஏற்றினேன். இரண்டு மாலைகள் ஆயின, ஒரு முறை ரவுட்டர் செத்தே போய்விட்டது என்று நினைத்தேன். அதை வீட்டுக்காரர் இணைப்புக்குப் பின்னால் மாட்டினேன். இப்போது அவருக்கு மாடியில் ஒரே ஒரு கருவிதான் தெரியும். என் மாடிக்கு எத்தனை போன் வந்தாலும் அது எனக்கும் என் ரவுட்டருக்கும்.

இதற்கு வழியில்லாதவர்கள் செலவில்லாமல் செய்யக்கூடியவை உண்டு. போனின் பெயரை மாற்றுங்கள். சொந்தப் பெயர் வேண்டாம். தளத்துக்குள் நீங்கள் படிப்பதை ரவுட்டர் வைத்திருப்பவர் பொதுவாகப் பார்க்க முடியாது, ஆனால் எந்தத் தளத்துக்குப் போகிறீர்கள் என்பது தெரியும். ஆண்ட்ராய்டு 9 முதல் ‘பிரைவேட் டிஎன்எஸ்’ என்ற அமைப்பு இருக்கிறது. அதைப் போட்டால் அந்தக் கண் பாதி மூடும், முழுதாக மூடாது. பேச சிக்னல் வைத்துக்கொள்ளுங்கள். அதன் நிரல் திறந்தது, செய்தி தானாக அழியும்படி வைக்கலாம், 2024 முதல் போன் எண்ணைக் காட்டாமலே பேசலாம். வாட்ஸ்அப்பில் ‘லிங்க்டு டிவைசஸ்’ பக்கத்தை இன்றைக்கே திறந்து பாருங்கள்.

பாருங்கள் என்றுதான் சொன்னேன். அங்கே அண்ணனின் லேப்டாப் தெரிந்தால் உடனே துண்டிக்காதீர்கள். துண்டித்ததும் அவனுக்குத் தெரிந்துவிடும், கேள்வி வரும், போன் பறிபோகும், அதற்கு மேலும் நடக்கலாம். அந்தப் போனில் படிப்பு, சமையல், சித்தி வீட்டு விசேஷம் என்று வழக்கம்போல் பேசிக்கொண்டிருங்கள். முக்கியமானதை நம்பிக்கையான தோழியின் போனிலோ, கல்லூரி நூலகக் கணினியிலோ பேசுங்கள். முடித்ததும் கணக்கிலிருந்து வெளியேறினீர்களா என்று இரண்டு முறை பாருங்கள். வீட்டை விட்டுக் கிளம்பும் நாளில் அந்தப் போனை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போங்கள்.