ஹாஜிகளுக்கு நீர் வார்த்தோர்

துல்ஹஜ் பிறை எட்டாம் நாளை ‘யவ்முத் தர்வியா’ என்கிறோம். தாகம் தீர்க்கும் நாள் என்பது அதன் பொருள். மினாவிலும் அரஃபாத்திலும் நீர் கிடைக்காத அக்காலத்தில், ஹாஜிகள் அன்று தாமும் பருகி, ஒட்டகங்களுக்கும் காட்டி, தோற்பைகளில் நிரப்பிக்கொண்டு புறப்படுவர். ஹஜ்ஜுடைய நாள் ஒன்றுக்கு நீரின் பெயர் அமைந்திருப்பதை நம்மில் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை.

ஹாஜிகளுக்கு உணவளிப்பதற்கென்றே குறைஷியரிடம் ஆண்டுதோறும் பொருள் திரட்டும் முறையைக் குஸை ஏற்படுத்தினார். அவருடைய பேரர் அம்ரு, பஞ்ச காலத்தில் ரொட்டியைப் பிய்த்துக் குழம்பில் இட்டு மக்களுக்குப் படைத்தமையால் ‘ஹாஷிம்’ எனப் பெயர் பெற்றார். பனூ ஹாஷிம் என்னும் குலப்பெயரே ஒரு தட்டு உணவிலிருந்து வந்ததுதான். பின்னாளில் நீர் வழங்கும் பொறுப்பு அப்பாஸ் (ரலி) அவர்களிடம் இருந்தது. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அங்கு வந்து நீர் கேட்டபோது, இதில் மக்கள் கையை விடுகிறார்களே என்று தயங்கிய அப்பாஸ் (ரலி), வீட்டிலிருந்து வேறு பானம் கொண்டுவர மகனை அனுப்ப முனைந்தார்கள். நாயகம் (ஸல்) அவர்களோ, மக்கள் குடிக்கும் அந்த நீரையே வாங்கி அருந்தினார்கள்.

2017-இல் உம்மாவை அழைத்துக்கொண்டு ஹஜ்ஜுக்குச் சென்றிருந்தேன். அரஃபா நாளில் சூரியன் மறைந்தபின் வாகனங்கள் அசையவில்லை. “நடந்தே போவோம், தம்பி” என்றார் உம்மா. முஸ்தலிஃபாவுக்கு 7, 8 கிலோமீட்டருக்குக் குறையாத வழி. முழங்கால் வலியுடையவர் எப்படியோ நடந்து வந்துவிட்டார். எல்லையைத் தொட்டதும் சாலையோரத்தில் அமர்ந்தவரால் எழ இயலவில்லை. எங்களிடம் இருந்த நீரும் தீர்ந்திருந்தது. இலட்சக்கணக்கானோர் வெட்டவெளியில் படுத்திருக்கும் அவ்விரவில், ஒரு பாய் விரிக்கும் இடம் கிடைப்பதே அரிது.

அருகில் சூடான் நாட்டுக் குடும்பம் ஒன்று இருந்தது. அம்மூதாட்டி தம் விரிப்பைச் சுருட்டி நகர்த்தி, உம்மாவின் கையைப் பற்றி அமர்த்தினார். இரண்டே நீர்ப்புட்டிகள் வைத்திருந்தனர்; ஒன்று எங்களுக்கு வந்தது. மஃரிபையும் இஷாவையும் சேர்த்துத் தொழுது முடித்ததும் ரொட்டியும் பேரீச்சம்பழமும் இனிப்பு மிகுந்த கட்டன் தேநீரும் வந்தன. பிறகு உம்மாவின் கால்களைத் தம் மடியில் எடுத்து வைத்துப் பிடித்துவிடலானார். உம்மா கூசிக் காலை இழுத்துக்கொண்டார். அவரோ “லா, லா, ஹாஜ்ஜா” என்று மீண்டும் எடுத்து வைத்துக்கொண்டார். மதரஸாவில் நான் கற்பிக்கும் அரபி, ஏட்டு அரபி. அவர்களின் பேச்சு வழக்கு எனக்குப் பாதிகூடப் பிடிபடவில்லை. உம்மாவுக்கோ அரபியே தெரியாது. ஆயினும் இருவரும் நெடுநேரம் உரையாடினர். எதைப் பற்றி என்று நான் கேட்கவில்லை. ஊரிலிருந்து கொண்டுசென்ற முறுக்குப் பொட்டலத்தை உம்மா அவர் கையில் திணித்தார்.

சுப்ஹு தொழுதபின் அவருடைய கணவர் ஏழு சிறு கற்களைக் கொண்டுவந்து உம்மாவிடம் கொடுத்தார். குனிந்து பொறுக்க அவருக்கு இயலாது என்பதை இரவிலேயே கவனித்திருக்கிறார். அவர்களும் எம்மைப்போல் வந்தவர்களே. அந்த மண்ணில் யாருக்கும் சொந்த வீடில்லை. இருந்தும் வீட்டுக்காரராய் நடந்துகொண்டனர். அவர்கள் பெயரையும் நாங்கள் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை. உம்மாவின் துஆவில் இன்றும் அவர்கள் ‘சூடான்காரர்கள்’தாம்.

இவற்றை எழுதக் காரணம், கடற்கரையோர ஊரிலிருந்து ஒரு சகோதரி கேட்டிருக்கும் கேள்வி. ஆகஸ்டு இறுதியில் தம் தெரு வழியே வேளாங்கண்ணிக்குப் பாதயாத்திரை செல்வோருக்குத் திண்ணையில் குடிநீர் வைக்க விரும்புகிறாராம். வீட்டில் சிலர் தயங்குகின்றனராம். இப்ராஹீம் (அலை) அவர்கள், வந்தவர்கள் யாரென அறியுமுன்பே கொழுத்த கன்றின் இறைச்சியைக் கொண்டுவந்து வைத்ததை அத்தாரியாத் அத்தியாயம் கூறுகிறது. தாகித்தவருக்கு நீர் தருவதற்கு மார்க்கத்தில் எத்தடையும் இல்லை. குடத்தை வையுங்கள், சகோதரி. வெயில் படாத மூலையாக இருக்கட்டும். குவளையை மட்டும் அடிக்கடி கழுவி வையுங்கள்.