கணினியை மாற்றுமுன் கோப்புகளை மாற்றுங்கள்



விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் நாள் முடிவுற்றதால், பள்ளிகளில் பழைய கணினிகளைக் கழிக்கும் பேச்சு எழுந்துள்ளது. கணினிப் பொறுப்பாளர்களிடம் நான் வலியுறுத்துவது ஒன்றே: வன்தட்டை அழிக்குமுன் அதிலுள்ள தமிழ்க் கோப்புகளை ஒருங்குறிக்கு மாற்றிவிடுங்கள்.

யு.பி.எஸ்.ஆர். தேர்வு 2021இல் கைவிடப்பட்டது உண்மைதான். அதற்காக, ஓய்வுபெற்றுச் சென்ற ஆசிரியர்கள் இரவெல்லாம் விழித்துத் தட்டச்சு செய்த கருத்துணர்தல் பகுதிகளும் கட்டுரைப் பயிற்சிகளும் வீணாகிவிடுமா? அவற்றுள் பல திஸ்கி, தாப் முதலிய பழைய குறியாக்கங்களில் கிடக்கின்றன. உரிய எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் தமிழ் இராது. புரியாத குறிகளே தோன்றும்.

எழுத்துருவையும் சேர்த்துப் படியெடுத்தால் போதாதா என்பர் சிலர். போதாது. புலனத்தில் வரும் பயிற்சித்தாளைப் பெற்றோர் திறன்பேசியில் திறக்கின்றனர்; அங்கே அவ்வெழுத்துரு ஏது? பி.டி.எஃப். ஆக்குவதும் அரைத் தீர்வே. கண்ணுக்குத் தமிழாகத் தெரியும். ஒரு சொல்லைத் தேடவோ திருத்தவோ இயலாது.

குறியாக்க மாற்றிகள் இலவசமாகவே கிடைக்கின்றன. எனினும், கண்ணை மூடிக்கொண்டு நம்பலாகாது. திஸ்கியில் 'கொ' என்பது கொம்பு, ககரம், கால் என்னும் வரிசையில் பதிவாகும். ஒருங்குறியிலோ ககரம் முன்னே, உயிர்க்குறி பின்னே. எனவே, மாற்றிய கோப்பில் 'கொடி', 'கோழி' போன்ற சொற்களைப் புதிதாகத் தட்டச்சு செய்து தேடிப் பாருங்கள். கண்முன் இருந்தும் தேடலில் அகப்படாவிடில் மாற்றம் பழுதுடையது. அதுவரை மூலக் கோப்பை விரலியில் பத்திரப்படுத்துங்கள், எழுத்துருவோடு சேர்த்தே.