மணிக்கு 2 கிலோமீட்டர்... அதற்காகவே ஒரு வண்டி!

வண்டி என்றதும் பத்து வயதுப் பையன் முதல் தாத்தா வரை எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி, 'எவ்வளவு ஸ்பீடு போகும்?' என்பதுதான். ஆனால், 'எவ்வளவு மெதுவாகப் போகும்?' என்று கேட்டு, அந்தக் கணக்கைப் போட்ட பிறகே ஸ்பேனரைக் கையில் எடுப்பவர்களும் இருக்கிறார்கள். அமெரிக்காவில் தங்கள் வீட்டு கராஜில் 'ராக் கிராலர்' கட்டுகிறவர்கள் அவர்கள்.

கிராலர் என்றால் தவழ்வது. வீட்டுத் திண்ணை உயரத்துக்குக் கிடக்கும் பாறைகள் மீது, பல்லி சுவரில் ஏறுவதுபோல ஒட்டிக்கொண்டு ஏறும் வண்டி இது. கதவு இருக்காது, கண்ணாடி இருக்காது, பளபளக்கும் பாடியும் இருக்காது. எலும்புக்கூடு மாதிரி இரும்புக் குழாய்கள், நான்கு ராட்சத டயர்கள், நடுவில் ஒரு இன்ஜின், இரண்டு சீட். பார்க்கும்போது 'இதில் என்ன இருக்கிறது?' என்று தோன்றும். இருப்பதெல்லாம் கணக்கும் பொறுமையும்தான்.

ஜீப்பில் தொடங்கிய கதை

கலிஃபோர்னியாவின் சியரா நெவாடா மலையில் 'ரூபிகன் டிரெயில்' என்று ஒரு பாதை உண்டு. சுமார் 35 கிலோமீட்டர். பாதை என்று சொல்வதே மரியாதைக்குத்தான். பாதிக்கு மேல் வெறும் பாறைக் குவியல். 1953-ல் ஜீப் பிரியர்கள் கூட்டமாக இதைக் கடந்தார்கள். அந்தப் பயணம் ஆண்டுதோறும் நடக்கும் திருவிழாவாகவே ஆகிவிட்டது. யூட்டா மாநிலத்தின் மோவாப் என்ற சிறிய ஊரில் 1967-ல் ஈஸ்டர் ஜீப் சஃபாரி தொடங்கியது.

மோவாப்பின் செம்மணற்பாறைக்கு 'வழுக்குப் பாறை' என்ற பொருளில் 'ஸ்லிக்ராக்' என்று பெயர். அந்தக் காலத்தில் குதிரைகளின் இரும்பு லாடம் அதில் வழுக்கியதால் வந்த பெயர் அது. அதே பாறையில் ரப்பர் டயரை வைத்துப் பாருங்கள், உப்புத்தாள்போலப் பிடித்துக்கொள்ளும்!

மலைக்குப் போன ஜீப்புகள் ஒவ்வொரு முறையும் அடிபட்டுத் திரும்பின. நசுங்கிய மட்கார்டை முதலில் வெட்டி எறிந்தார்கள். அடுத்து கதவு போனது. பிறகு பின்பக்கம் போனது. கடைசியில், 'ஜீப்பே எதற்கு? குழாயை வளைத்து நாமே கட்டிக்கொண்டால் என்ன?' என்ற இடத்துக்கு வந்து சேர்ந்தார்கள். 'பகி' பிறந்தது இப்படித்தான். 2007-ல் கலிஃபோர்னியாவின் ஜான்சன் வேலி பாலைவனத்தில் 13 வண்டிகளோடு தொடங்கிய 'கிங் ஆஃப் தி ஹேமர்ஸ்' பந்தயம் இன்று இந்த உலகின் மிகப் பெரிய மேடை. அங்கே பாலைவனத்தில் பறக்கவும் வேண்டும், பாறையில் தவழவும் வேண்டும். பறப்பதற்குப் பல வண்டிகள் உண்டு. தவழ்வதுதான் கடினம்.

மூன்றாம் வகுப்புப் பெருக்கல்

மெதுவாகப் போவதில் என்ன கஷ்டம்? பிரேக்கை மிதித்தால் போதாதா? போதாது. இன்ஜின் சும்மா நிற்கும்போதே நிமிடத்துக்குச் சுமார் 800 சுற்று சுற்றும். அதற்குக் கீழே போனால் அணைந்துவிடும். அந்த 800-ஐ சக்கரத்தில் 10 சுற்றாகக் குறைக்க வேண்டும். அதற்குத்தான் கியர்.

முதல் கியர் 4 மடங்கு குறைக்கிறது. அதற்கு அடுத்துள்ள டிரான்ஸ்ஃபர் கேஸ் இன்னொரு 4 மடங்கு. ஆக்ஸிலில் இருக்கும் பல்சக்கரம் 5 மடங்கு. நான்கு, நான்கு, ஐந்து: பெருக்கினால் 80. இன்ஜின் 80 முறை சுற்றினால் சக்கரம் ஒரே ஒரு முறை சுற்றும். 40 அங்குல டயர் ஒரு சுற்றில் கிட்டத்தட்ட 3.2 மீட்டர் நகரும். நிமிடத்துக்கு 10 சுற்று என்றால் 32 மீட்டர். மணிக்கு 2 கிலோமீட்டர்கூட இல்லை. காய்கறி வாங்கப் போகிறவர் இதைவிட இரண்டு மடங்கு வேகமாக நடப்பார்.

வேகம் 80 மடங்கு குறையும்போது, உராய்வில் போனது போக, திருகுவிசை ஏறக்குறைய அதே அளவு கூடுகிறது. கார் ஜாக்கியின் கைப்பிடியைப் பலமுறை சுற்றினால் கார் ஒரு விரற்கடை உயர்கிறதே, அதே தத்துவம். ஆக்ஸிலரேட்டரை அழுத்தாமலேயே வண்டி பாறை மேல் ஏறும். ஓட்டுபவர் கண்ணை மட்டும் திறந்து வைத்திருந்தால் போதும்.

காற்றைக் குறை... பிடி கூடும்

சாதாரண காரின் டயரில் 30 பி.எஸ்.ஐ-க்கு மேல் காற்று இருக்கும். கிராலர்காரர்கள் 10-க்கும் கீழே இறக்கிவிடுவார்கள். அப்போது டயர் சப்பாத்தி மாவு மாதிரி குழைந்து, பாறையின் மேடு பள்ளத்துக்கு ஏற்பப் படிந்து உட்காரும். அவ்வளவு குறைந்த காற்றில் டயர் ரிம்மைவிட்டுக் கழன்று வரும். அதைத் தடுக்க, டயரின் விளிம்பை ஒரு இரும்பு வளையத்தால் அழுத்தி, சுற்றிலும் போல்ட் போட்டு முடுக்கிவிடுவார்கள். இதன் பெயர் 'பீட்லாக்'.

அடுத்த பிரச்னை டிஃபரன்ஷியல். வளைவில் திரும்பும்போது உள்பக்கச் சக்கரமும் வெளிப்பக்கச் சக்கரமும் வெவ்வேறு வேகத்தில் சுற்ற உதவும் நல்ல மனிதர் அவர். ஆனால், பாறையில் ஒரு சக்கரம் அந்தரத்தில் தொங்கினால், அது வீணாகச் சுற்றும், தரையில் இருப்பது அசையாமல் நிற்கும். மழைக்காலச் சேற்றில் கார் மாட்டிக்கொண்ட யாருக்கும் இந்தக் காட்சி நினைவிருக்கும். அதனால் 'லாக்கர்' போட்டு இரண்டு சக்கரத்தையும் ஒன்றாகப் பூட்டிவிடுவார்கள்.

காயலான் கடையில் கிடைக்கும் பொக்கிஷம்

இவ்வளவு பெரிய டயரை இவ்வளவு விசையோடு திருப்பினால் கார் ஆக்ஸில் முருங்கைக் கிளை மாதிரி முறிந்துவிடும். ஆகவே, பட்ஜெட்காரர்கள் நேராகப் போவது காயலான் கடைக்கு. பழைய கனரக பிக்கப் டிரக்குகளில் இருந்த 'டானா 60' ஆக்ஸில் அங்கே அவர்களுக்குப் பொக்கிஷம். ராணுவ லாரியில் கழற்றிய ஆக்ஸிலைப் போடுகிறவர்களும் உண்டு. துருவைச் சுரண்டி, பேரிங் மாற்றி, புதுப் பல்சக்கரம் போட்டால் அதற்கு மறுஜென்மம்.

இதில் அனுபவசாலிகள் ஒரு தந்திரம் செய்வார்கள். வீட்டு மின்சாரத்துக்கு ஃபியூஸ் இருப்பதுபோல, வண்டியில் எது முதலில் உடைய வேண்டும் என்பதை அவர்களே முடிவு செய்துவிடுவார்கள். விலை குறைந்த, கை எட்டும் இடத்தில் இருக்கும் ஒரு யு-ஜாயின்ட் முதலில் போகட்டும், ஆக்ஸில் பிழைக்கட்டும் என்பது கணக்கு. மாற்று ஜாயின்ட் சீட்டுக்குப் பின்னால் பையில் தயாராக இருக்கும்.

ஆக்ஸிலையும் சட்டத்தையும் இணைக்க, நான்கு கம்பிகள் கொண்ட 'ஃபோர் லிங்க்' சஸ்பென்ஷன். ஒரு முன் சக்கரம் பாறை மேல் ஏறி நெஞ்சு உயரத்துக்குப் போனாலும் மற்ற மூன்றும் தரையைவிட்டு எழும்பக் கூடாது. வயிற்றுப் பகுதியில் தட்டையான கனத்த தகடு. பாறையில் தட்டினால் வழுக்கிக்கொண்டு போகும், எதிலும் சிக்காது. ஸ்டீயரிங் பெரும்பாலும் முழு ஹைட்ராலிக். சக்கரத்துக்கும் கைக்கும் நடுவே எண்ணெய்க் குழாய்தான், கம்பி இணைப்பு கிடையாது. ஆகவே, இந்த வண்டிகள் பெரும்பாலும் சாலையில் ஓடுவதில்லை. மலையடிவாரம் வரை டிரெய்லரில்தான் பயணம்.

கூண்டுதான் உயிர்

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருவோம். இந்த வண்டி குடைசாயும். 'சாயலாம்' இல்லை, சாயும். பாறை ஏறுகிறவர்களுக்கு அது தெரியும். மெதுவாகத்தான் கவிழும் என்றாலும், ஒன்றரை, இரண்டு டன் எடை தலைக்கு மேல் வந்து உட்காரும். அப்போது உள்ளே இருப்பவருக்கும் பாறைக்கும் நடுவில் இருப்பது அந்தக் குழாய்க் கூண்டு மட்டும்தான்.

அதனால் குழாய் வாங்கும்போதே சிக்கனம் பார்க்கக் கூடாது. தண்ணீருக்கோ கேஸுக்கோ போடும் குழாய் இதற்கு உதவாது. அது உள்ளே ஓடுவதைத் தாங்கச் செய்தது, மேலே விழுவதைத் தாங்க அல்ல. கிராலர்காரர்கள் வாங்குவது 'டி.ஓ.எம்' என்ற உறுதியான எஃகுக் குழாய். பரவலாகப் பயன்படும் அளவு, ஒன்றே முக்கால் அங்குல விட்டம், சுமார் 3 மில்லிமீட்டர் கனம்.

வடிவத்திலும் ஒரு சூட்சுமம் உண்டு. நான்கு குச்சிகளைச் சதுரமாகக் கட்டி ஒரு மூலையைத் தள்ளுங்கள், சாய்ந்துவிடும். மூன்று குச்சிகளை முக்கோணமாகக் கட்டித் தள்ளுங்கள், அசையாது. மரக் கேட்டில் குறுக்குக் கட்டை அடிப்பது இதற்காகத்தான். நல்ல கூண்டில் எந்தப் பக்கம் பார்த்தாலும் முக்கோணம் தெரியும். குழாய்கள் சேரும் இடமெல்லாம் அந்த முக்கோணங்களின் முனையாக இருக்கும். ஒரு குழாயின் நடுவில் இன்னொரு குழாய் வந்து முட்டி நின்றால், அங்கேதான் அது வளையும்.

முதலில் கராஜ் தரையில் சாக்பீஸால் கோடு கிழிப்பார்கள். பிறகு பிளாஸ்டிக் குழாயிலோ அட்டையிலோ மாதிரி. தூக்குக்குண்டும் ரசமட்டமும் வைத்து ஒவ்வொரு கோணத்தையும் சரிபார்ப்பார்கள். குழாய் முனையை மீன் வாய்போல வெட்டினால்தான் இன்னொரு குழாயின் உருண்டை மேல் இடைவெளி இல்லாமல் பொருந்தும். பிறகும் முழு வெல்டிங் கிடையாது. அங்கங்கே 'டேக்' மட்டும் அடித்து நிறுத்திவிட்டு, எல்லாம் நேராக இருக்கிறதா என்று மறுபடி அளப்பார்கள். பிறகுதான் முழுப் பற்றவைப்பு, அதுவும் இடமும் வலமுமாக மாறி மாறி. ஒரே பக்கம் வைத்துக்கொண்டே போனால் சூட்டில் சட்டம் முறுக்கிக்கொள்ளும்.

வெளியே அழகாகத் தெரியும் வெல்டிங் உள்ளே ஒட்டாமல் இருக்கலாம். இதைக் கண்டுபிடிக்க ஒரு வழி, அதே குழாயின் துண்டுகளைப் பற்றவைத்து, குறுக்கே அறுத்துப் பார்ப்பது. பத்துத் துண்டு வீணாகட்டும். பரவாயில்லை. அந்தப் பக்கத்து சீட்டில் உட்காரப்போவது பெரும்பாலும் மனைவியோ, கணவனோ, தோளுயரம் வளர்ந்த பிள்ளையோதான். அவர்கள் யாரும் வெல்டிங்கைச் சோதித்துப் பார்த்து ஏறுவதில்லை. கட்டியவர் மேல் வைத்த நம்பிக்கையில் ஏறுகிறார்கள். தன் வெல்டிங்கில் சந்தேகம் இருக்கிறவர், கூண்டை மட்டும் தேர்ந்த வெல்டரிடம் கொடுப்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

பட்டறையில் கவனிக்க வேண்டியவை

* துத்தநாகப் பூச்சுள்ள இரும்பைப் பற்றவைத்தால் வரும் புகை காய்ச்சலில் தள்ளும். பூச்சை முழுவதும் சுரண்டி எடுத்துவிட்டு, காற்றோட்டமான இடத்தில் செய்ய வேண்டும்.

* குளோரின் கலந்த பிரேக் கிளீனரால் துடைத்த இடத்தில் வெல்டிங் வைக்கவே கூடாது. அந்தச் சூட்டில் 'பாஸ்ஜீன்' என்ற விஷவாயு உருவாகும். உயிருக்கே ஆபத்து.

* கிரைண்டர் போடும்போது (மாவு அரைப்பதல்ல, இரும்பு அறுப்பது) கண்ணாடியும் முகக்கவசமும் கட்டாயம். தீயணைப்பான் கை எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும்.

* வண்டியில் ஐந்து முனை பெல்ட், தலைக்கவசம், இன்ஜினை உடனே அணைக்கும் சுவிட்ச், கவிழ்ந்தாலும் ஒழுகாத பெட்ரோல் டேங்க் ஆகிய நான்கும் அலங்காரமல்ல. கவிழும்போது கையை வெளியே நீட்டாமல் இருக்க, ஜன்னலில் வலையும் வேண்டும்.

பாறையில் ஒருவர் சொல்தான்

மலையில் ஓட்டுபவருக்குத் தன் முன் சக்கரமே தெரியாது. வெளியே நின்று கை காட்டுபவர் 'ஸ்பாட்டர்'. பத்துப் பேர் நின்று பத்து யோசனை சொன்னால் வண்டி பள்ளத்தில்தான். எனவே, ஒரே ஒருவர் மட்டும்தான் கை காட்ட வேண்டும் என்பது எழுதாத சட்டம். தம்பதியாக வருபவர்களில் பல நேரம் மனைவிதான் ஸ்பாட்டர். அவர் கை மூடினால் வண்டி அந்த நொடியே நிற்க வேண்டும். ஏன் என்ற கேள்வியெல்லாம் இறங்கிய பிறகு!

பாதையைவிட்டு விலகிப் புதுத்தடம் போடுவதும், எண்ணெய் ஒழுக விடுவதும் அங்கே பெரிய அவமானம். மலை பாழானால் பாதை மூடப்படும் என்பது எல்லோருக்கும் தெரியும். 1985-ல் அமெரிக்க வனத்துறை தொடங்கிய 'டிரெட் லைட்லி' இயக்கம் சொல்வதும் இதைத்தான்: மண்ணை நோகடிக்காமல் போய் வா.

வீட்டில் இப்படி ஆசை உள்ள பிள்ளை இருந்தால், பத்தில் ஒரு பங்கு அளவுள்ள ரிமோட் கிராலர்கள் கிடைக்கின்றன. அதில் லாக்கர் உண்டு, லிங்க் சஸ்பென்ஷன் உண்டு, மெதுவான கியரும் உண்டு. கொல்லையில் நான்கு கல்லைப் போட்டு ஏற்றிப் பார்க்கலாம். எடையைக் கீழே இறக்கினால் ஏன் சாய்வதில்லை, ஒரு சக்கரம் தொங்கினால் ஏன் நிற்கிறது என்பதெல்லாம் ஒரு மாலைப்பொழுதில் புரிந்துவிடும். கவிழ்ந்தால் தூக்கி வைத்துக்கொள்ளலாம். யாருக்கும் காயமில்லை.

பெரிய வண்டிக்கு அந்தச் சலுகை கிடையாது. அதைக் கட்டி முடிக்கச் சிலருக்குப் பல மாதங்கள், சிலருக்கு வருடங்கள் ஆகும். சனி, ஞாயிறுகளில் மட்டும் நகரும் வேலை அது. கேட்பவர்களுக்கு அலுப்பாக இருக்கும், 'இன்னுமா முடியவில்லை?' என்பார்கள். இந்த வண்டிக்கு அவசரம் ஆகாது, ஓட்டும்போதும் சரி, கட்டும்போதும் சரி. நாளைக்கு மலைக்குக் கிளம்ப வேண்டும் என்று இன்று இரவோடு இரவாக வைத்த அந்த ஒரு வெல்டிங், எந்தப் பாறையில் தன்னைக் காட்டிக்கொடுக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது.