இருந்தவர் எங்கே போனார்?

1961 ஏப்ரலில் யூரி ககாரின் விண்வெளிக்குச் சென்று திரும்பினார். அடுத்த மாதம் கருங்கடலோரச் சோச்சி நகரில் சக வீரர்களுடன் அவர் எடுத்துக்கொண்ட குழுப்படத்தின் இரு பிரதிகளை ஒப்பிட்டுப் பார்த்தேன். ஒன்றில் பின்வரிசையில் கிரிகோரி நெல்யூபொவ் நிற்கிறார். மற்றதில் அவரைக் காணோம்!

ககாரினுக்கு மாற்று வீரர்களில் ஒருவராக இருந்தவர் அவர். 1963-இல் குடிபோதையில் ராணுவ ரோந்துக் காவலருடன் தகராறு செய்ததால் குழுவிலிருந்து நீக்கப்பட்டார். 1966-இல் ரயிலில் அடிபட்டு இறந்தார்.

தவறு செய்தவரைத் தண்டிக்கலாம். இருந்தவரை இல்லாதவராக்கலாமா? கூடாது என்பதே என் கருத்து.

அமெரிக்க ஆய்வாளர் ஜேம்ஸ் ஓபர்க் இரு படங்களையும் அருகருகே வைத்து இந்தப் புரட்டை வெளிப்படுத்தினார். கைபடாத பிரதி தப்பியதால்தான் அது முடிந்தது. பழைய இதழ்களை எடைக்குப் போடுமுன் வாசகர்கள் இதை நினைத்துப் பார்க்க வேண்டும்.