படத்தில் வெறுமையாகக் கிடக்கும் இடங்கள்

கணினியிலே தேசப்படம் அமைக்கும் வித்தையைக் கற்பதற்கு எத்தனை மாதம் செல்லும் என்று உயர்தர வகுப்பு மாணவர் ஒருவர் எம்மை வினவியுள்ளார். கருவியைக் கையாளப் பழகுவது மட்டுமே அவர் கருத்தாயின், சில வாரங்கள் போதும் என்போம். கியூஜிஐஎஸ் என்னும் மென்பொருள் 2002ஆம் ஆண்டு தொடங்கப்பெற்று, விலையின்றியே எவர்க்கும் கிடைத்து வருகின்றது. உக்ரேனியரான வொலொடிமிர் அகாபொன்கின் 2011இல் வெளியிட்ட லீப்லெட் என்பதும் அத்தகையதே. அதன் துணைகொண்டு சில வரிகள் எழுதினால், காண்போர் இழுத்தும் பெருப்பித்தும் பார்க்கவும், ஓரிடத்தைத் தொட்டு அதன் விவரத்தை அறியவும் கூடிய படம் ஒன்று திரையிலே தோன்றிவிடும்.

ஆனால் அஃது எதனைச் சொல்ல வேண்டும், எதனைச் சொல்லாது விட வேண்டும் என்பதைக் கருவி அறியாது.

இத்தகைய படங்கள் விரைந்து தோன்றும் சூட்சுமம் எளிதானது. உலகம் முழுவதும் முதலில் ஒரே சதுரத்துள் அடக்கப்படும். ஒருபடி பெருப்பித்தால் அது 4 சதுரங்களாகும். அடுத்த படியில் 16. பத்தாம் படியில் 10,48,576 சதுரங்கள்! திரைக்கு வேண்டிய சிலவற்றை மாத்திரமே கணினி எடுத்து வருகின்றது. இச்சதுரங்கள் பெரும்பாலும் மேர்கேற்றர் என்பார் 1569இல் வகுத்த எறியத்தைச் சிறிது மாற்றி அமைக்கப்பட்டவை. மாலுமி ஒரே திசையிற் செலுத்தும் பாதையை நேர்கோடாகக் காட்டுவதே அவர் நோக்கமாயிருந்தது. அதன் பொருட்டுத் துருவத்தை அடுத்த நிலங்கள் பெருத்துவிட்டன. கிரீன்லாந்து ஆபிரிக்காவுக்கு நிகராகத் தோன்றும். உண்மையிலோ ஆபிரிக்கா அதனைப்போல் ஏறக்குறைய 14 மடங்கு. வீதி தேடுவோர்க்கு இதனால் நட்டமில்லை. நாடுகளின் பரப்பை ஒப்பிட விழையும் மாணவன் சமபரப்பு எறியத்தைத் தானே தேடிக் கொள்ள வேண்டும்.

வண்ணம் தீட்டுவதிலும் இத்தகைய பொறி உண்டு. 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி கொழும்பு மாவட்டத்தில் வாழ்ந்தோர் சுமார் 23 இலட்சம் பேர். முல்லைத்தீவு மாவட்டத்திலோ சுமார் 92 ஆயிரம் பேரே. பரப்பில் முல்லைத்தீவு 2,617 சதுர கிலோமீற்றர், கொழும்பு 699. ஒரு நோயால் பீடிக்கப்பட்டோரின் தொகையைக் கொண்டு மாவட்டங்களுக்கு நிறமூட்டினால், எந்த நோயானாலும் கொழும்பே பெரும்பாலும் கருத்துத் தோன்றும். அது நோயின் படமன்று, சனத்தொகையின் படமே. இலட்சம் பேருக்கு எத்தனை பேர் என்று வகுத்த பின்னரே நிறத்தைத் தொட வேண்டும். அப்பொழுதும் முல்லைத்தீவின் பெரிய பரப்புக் கண்ணை நிறைக்கும். இருபத்தைந்து மடங்கு மக்கள் வாழும் கொழும்பு விரல் நகமளவாய் ஒதுங்கிவிடும்.

இனி, தேசப்படக் கலையைப் பற்றிப் பேசுவோர் தவறாது எடுத்துரைக்கும் கதை ஒன்றுண்டு. 1854ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாத இறுதியில் இலண்டன் நகரின் சோஹோப் பகுதியில் வாந்திபேதி மூண்டது. பத்து நாட்களுள் ஐந்நூறுக்கு மேற்பட்டோர் மாண்டனர். டாக்டர் ஜோன் ஸ்னோ படம் வரைந்து பார்த்து, புரோட் வீதியிலிருந்த நீர்க்குழாயே காரணம் எனக் கண்டு, அதன் கைபிடியைக் கழற்றுவித்தார் என்பர். நிகழ்ந்தது அப்படியன்று. வீடு வீடாய்ச் சென்று விசாரித்தே அவர் குழாயை ஐயுற்றார். செப்டெம்பர் 8ஆம் நாள் கைபிடி கழற்றப்பட்டது. படம் அதன் பின்னரே வரையப்பட்டு, 1855இல் அவரது நூலில் வெளிவந்தது. அதில் மரணம் ஒவ்வொன்றுக்கும் ஒரு கறுப்புக் கோடு, இறந்தோர் வாழ்ந்த வீட்டருகே அடுக்கப்பட்டிருக்கும்.

எம்மைக் கவர்வன அக்கோடுகள் அல்ல. அவை அருகிய இடங்களே. குழாய்க்கு அண்மையில் 535 ஏழைகளைத் தாங்கிய விடுதி ஒன்று இருந்தது. அங்கே மாண்டோர் ஐவர் மாத்திரமே. அவ்விடுதிக்குச் சொந்தக் கிணறு இருந்தது. அதே வீதியிலிருந்த மதுவடிசாலையில் எழுபதுக்கு மேற்பட்ட தொழிலாளருள் ஒருவரும் மாளவில்லை. அவர்கள் குழாய் நீரை நாடியதே இல்லை. கெட்ட காற்றே நோயைப் பரப்புகிறது என்று அக்காலத்து அறிஞர் பலர் நம்பினர். காற்றாயின் அவ்விரு மதில்களையும் அது தாண்டாதிருக்குமோ?

இப்படத்தை இன்று கணினியில் ஆக்கப் புகும் மாணவர் பலர், கறுப்புக் கோட்டைத் தொட்டால் விவரம் தோன்றுமாறு செய்து திருப்தி அடைவர். விடுதியைத் தொட்டால் எதுவும் தோன்றாது. அங்கு வாழ்ந்தோர் தொகையும் கிணற்றின் செய்தியுமே முதலில் தோன்ற வேண்டியவை என்பது எமது துணிபு.

வெறுமையிலும் இரு வகை உண்டு. 2010 ஜனவரி 12ஆம் நாள் ஹெயிட்டி நாட்டைப் பூகம்பம் அழித்தபொழுது, தலைநகராகிய போர்ட்-ஓ-பிரின்ஸின் வீதிகளுட் பல இணையப் படங்களில் இருக்கவில்லை. மீட்புக்குச் சென்றோர் எவ்வழியாற் செல்வது? 2004இல் ஆங்கிலேயரான ஸ்டீவ் கோஸ்ற் தொடங்கிய ஓப்பன்ஸ்ட்ரீட்மப் என்னும் பொதுப் படத்தில், பல நாட்டுத் தொண்டர்கள் விண்ணிலிருந்து எடுத்த நிழற்படங்களைப் பார்த்து, வீதிகளையும் அகதி முகாம்களையும் சில நாட்களிலேயே வரைந்து நிரப்பினர். சோஹோவில் வெற்றிடம், விசாரித்து அறிந்த பின் எஞ்சிய வெற்றிடம். ஹெயிட்டியிலோ, எவரும் பார்த்து வரையாத வெற்றிடம். காகிதத்தில் இரண்டும் ஒரே வெண்மைதான்.

ஆதலின் வினவிய மாணவருக்கு ஒரு பயிற்சியைக் கூறுவோம். உமது கிராமத்துக் கிணறுகளைப் பென்சிலாற் படத்திற் குறித்து வாரும். நீர் பரிசோதிக்கப்பட்டு நன்றெனக் கண்ட கிணற்றுக்கு ஒரு குறி; தீதெனக் கண்டதற்கு வேறொன்று; எவரும் பரிசோதியாத கிணற்றுக்கு மூன்றாவது குறி. அந்த மூன்றாவது குறிக்கு என்ன நிறம் கொடுப்பது என்று தீர்மானித்த பின், கணினியைத் திறக்கலாம்.