காத்திருக்கும் வருஷங்களுக்குக் கூலி

விருதுநகர், இராமநாதபுரம் ஜில்லாக்களின் மானாவாரிப் பூமியில், ஐப்பசி மழையை நம்பிப் பருத்தியும் சோளமும் உளுந்தும் விதைத்து, மழை முந்தினாலும் பிந்தினாலும் நஷ்டப்பட்டே பழகிப்போன குடியானவரிடம், பழமரம் வைத்துப் பிழைக்கலாமே என்று சொல்வது சுலபம், யோசனையும் பிழையானதன்று. கோடையில் இலையை உதிர்த்துவிட்டு, ஆழத்தில் இறங்கிய ஆணிவேரைக்கொண்டு உயிர் தரித்திருப்பது இலந்தையின் சுபாவம். சீத்தாவோ கல்லாங்குத்திலும் தானாக முளைப்பது. நெல்லி, விளா, நாவல், கொடுக்காப்புளி எல்லாம் இந்த ஜாதிதான். அருப்புக்கோட்டை ஆராய்ச்சி நிலையம் ஏ.பி.கே. 1 என்னும் சீத்தாவையும், பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி பி.கே.எம். 1 என்னும் புளியையும் வெளியிட்டு வெகுகாலம் ஆகிறது.

அப்படியிருந்தும் தரிசுகளில் மண்டியிருப்பது சீமைக்கருவேலமே. அதற்குத் தண்ணீர் ஊற்ற வேண்டாம், வேலி போட வேண்டாம், ஆடும் அதன் இலையைத் தீண்டாது. வெட்டி மூட்டம் போட்டால் கரி, கரியை விற்றால் கைமேல் காசு. பழமரமோ காக்கவைக்கும். ஒட்டுக்கட்டிய நெல்லி காய்க்க நாலைந்து வருஷமாகும்; விதையிலிருந்து வளரும் புளிக்கு எட்டுப் பத்து வருஷம்கூட ஆகலாம். அதற்குள் முதலிரண்டு கோடைகளில் கன்றுக்குக் குடத்தில் தண்ணீர் சுமப்பவர் யார், மேய வரும் ஆட்டை விரட்டுபவர் யார், அவர்களுக்குக் கூலி எங்கே என்ற கேள்விகளுக்கு விடையின்றி, இலவசக் கன்று வழங்கும் வைபவத்தை மட்டும் நடத்திவிட்டு (கன்று வாங்க வந்தவர்களைவிடப் படமெடுக்க வந்தவர்கள் மிகுந்த வைபவங்களும் உண்டு) வழங்கிய கன்றுகளின் எண்ணிக்கையையே சாதனையாகக் காட்டுவதில் என்ன பிரயோசனம்? மகாராஷ்டிர அரசு 1990இல் பழத்தோட்டம் அமைக்கும் பணியைத் தன் வேலை உறுதித் திட்டத்தோடு இணைத்து, குழிவெட்டுவதற்கு மட்டுமன்றிக் கன்றைப் பேணுவதற்கும் உதவியது. நம் ராஜாங்கமும் கன்றைக் கொடுத்ததற்கன்றி, ஒவ்வொரு ஆடியிலும் உயிரோடு நிற்கும் கன்றை எண்ணிப் பணம் கொடுக்க முன்வர வேண்டும். குத்தகைக்காரர்களின் நிலையோ இன்னும் பரிதாபம்: அடுத்த வருஷமே கைமாறக்கூடிய நிலத்தில் புளிங்கன்று ஊன்ற எவருக்குத்தான் மனம் வரும்?

காய்த்த பிறகும் கவலை தீர்வதில்லை. சீத்தாவின் கண்கள் விரிந்து, இடுக்குகள் வெளிறிய பதத்தில் பறிக்க வேண்டும். பறித்த மூன்றாம் நாள் கை பட்டாலே தோல் பிளந்துவிடும். அந்த அவசரம் தெரிந்த தரகர் சொல்வதே விலை. புளிக்கு இந்த அவசரமில்லை. கொட்டை நீக்கி, உப்பிட்டுப் பானையில் அடைத்துவிட்டால் விலை ஏறுமட்டும் வீட்டிலேயே கிடக்கும். ஆகவே என்னைக் கேட்டால், நிலம் முழுவதையும் சீத்தாவாக்கிவிட்டுச் சந்தையின் தயவில் நிற்பதைவிட, வேலியோரம் புளியை வைத்து, உள்ளே சீத்தாவும் நெல்லியும் கலந்து நட்டு, மரங்கள் நிழல் கட்டும்வரை நடுவில் குதிரைவாலியோ தட்டைப்பயறோ விதைத்துக்கொள்வதே விவேகம் என்பேன்.